முதல் வேலையே கேன்சர் வார்டு: போகலாமா?

கேள்வி: 09-06-2024, மாலை 6.15

பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டேன். நர்சிங் கவுன்சில் பதிவும் கைக்கு வந்துவிட்டது. ஊர் நாமக்கல் பக்கம். இரண்டு இடங்களில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. ஒன்று சென்னையில் பெரிய தனியார் மருத்துவமனை, கீமோ டே கேர், மாதம் 22,000. ஆனால் இரண்டு வருட பாண்டு (இடையில் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்), ஒரிஜினல் சான்றிதழ்களை அவர்களே வைத்துக்கொள்வார்கள். இன்னொன்று அறக்கட்டளை நடத்தும் புற்றுநோய் மருத்துவமனை. உள்நோயாளி வார்டு, 16,000, தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. "முதலில் இரண்டு வருடம் ஜெனரல் வார்டு பார், புதியவனுக்குக் கேன்சர் வார்டு ஆகாது, மனம் விட்டுப்போகும்" என்கிறார் எங்கள் கல்லூரி மேடம். அம்மாவோ பெயரைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறார். நான் ஆண் என்பது வேறு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்கள் (எல்லாம் ஒரே செவிலியர் எழுதியவை): 09-06-2024, இரவு 10.50

உங்கள் மேடம் சொன்னதுதான் சரி. இரண்டு வருடம் ஜெனரல் வார்டு. கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போடும் கை முதலில் பழக வேண்டும். ரத்த அழுத்தம் இறங்குகிற ஆளைக் கால்மாட்டில் நின்றே கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். நான் அப்படித்தான் வந்தேன். 2010-இல் தேர்ச்சி, பதினான்கு மாதம் ஜெனரல் வார்டு, பிறகு கேன்சர் பிரிவு, இன்றுவரை அதிலேதான். நான்காவது கீமோவுக்கு வருகிறவர் கையில் நரம்பே கிடைக்காது. (ரத்தக்குழாயை நோயாளிகள் நரம்பு என்பார்கள், நாங்களும்தான்.) அந்தக் கையில் போய்ப் பயிற்சி எடுக்கக் கூடாது.

10-06-2024, காலை 6.05

பாண்டு பற்றி நேற்று எழுதாமல் விட்டேன். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுப்பது வேறு, பீரோவில் வைத்துப் பூட்டுவது வேறு. என்னுடன் படித்த ஒருத்தி திருமணமாகி ஊர் மாறும்போது தன் சான்றிதழைத் தானே காசு கட்டி மீட்டாள், அடகுக்கடையில் தாலிக்கொடியை மீட்பதுபோல.

22,000 என்றதும் மலைக்க வேண்டாம். தனியார் மருத்துவமனைச் செவிலியர் சம்பளம் பற்றி 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50-க்குக் கீழே உள்ள சிறிய இடத்தில்கூட 20,000-க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. எட்டு வருடம் ஆகிறது. பெரும்பாலான இடங்களில் பரிந்துரை இன்னும் பரிந்துரையாகவே உட்கார்ந்திருக்கிறது. பெரிய மருத்துவமனை தரும் 22,000-ஐ அந்த வெளிச்சத்தில் பாருங்கள். சென்னையில் அறை வாடகையும் மூன்று வேளைச் சாப்பாடும் போனால் கையில் நிற்பது 16,000-காரரைவிடக் குறைவாகவே இருக்கும்.

10-06-2024, இரவு 9.30

"எதற்கு இந்தக் குழப்பம், எம்.ஆர்.பி. தேர்வு எழுதச் சொல்லுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (தமிழக அரசு மருத்துவமனை வேலைக்கான தேர்வு.) எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதில் எந்த வார்டு என்பதை நாம் முடிவு செய்வதில்லை. தம்பி கேட்டது வேறு கேள்வி. எய்ம்ஸ் பக்கம் போகலாம் என்று இன்னொருவர். அங்கே செவிலியர் பணியிடங்களைப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 என்ற கணக்கில் பிரிக்க 2019-இல் முடிவு செய்தார்கள். தம்பி அதையும் தெரிந்துகொண்டு படிக்கட்டும்.

12-06-2024, பிற்பகல் 3.20

டே கேரா, உள்நோயாளி வார்டா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் சம்பளத்திலேயே நின்றுவிட்டீர்கள், நானும்தான்.

டே கேர் என்பது காலையில் வந்து மருந்தை ஏற்றிக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போகும் இடம். நான் இப்போது இருப்பது அங்கேதான். கை வேகமாகப் பழகும். போர்ட்டில் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதிக்கும் சிறு கருவி) ஊசி குத்துவது, பி.ஐ.சி.சி. குழாயை (கை வழியாக இதயத்தின் அருகே வரை போகும் நீண்ட குழாய்) சுத்தம் செய்வது எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏறத் தொடங்கிய முதல் பத்து பதினைந்து நிமிடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார வேண்டும் என்பதும் பழகும். முகம் சிவப்பது, முதுகு வலிக்கிறது என்பது, மூச்சுத் திணறுவது எல்லாம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும்.

ஆனால் டே கேரில் கதையின் முதல் பாதிதான் தெரியும். மருந்து ஏறி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள், கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது நோயாளி வீட்டில் இருப்பார். உடம்பு கொதிக்கும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துப் படுக்க வைப்பார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்குவார்கள். மறுநாள் நள்ளிரவில் கை கால் சில்லிட்டு, ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே போய் வார்டுக்கு வந்து சேர்வார். ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் உள்ளே போயாக வேண்டும். அதை ஒரு முறை கண்ணால் பார்த்தவர், "100.4-ஐத் தொட்டால் மாத்திரை போடாமல் உடனே கூப்பிடுங்கள்" என்று சொல்லும்போது குரலே மாறும். பார்க்காதவர் அதே வரியைப் பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி ஒப்பிப்பார். கேட்பவரும் அப்படியே காதில் வாங்குவார்.

அதனால் என் வாக்கு உள்நோயாளி வார்டுக்கு. ஜெனரல் வார்டுக்குப் பிறகு, என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

13-06-2024, இரவு 11.15

ஈரோட்டுக்காரர் ஒருவர் கேட்கிறார்: "பதினான்கு மாதம் ஜெனரல் வார்டு பார்த்துவிட்டு வந்தீர்களே, அதனால் உங்கள் கையில் தவறே நடக்கவில்லையா?"

நல்ல கேள்வி. நாளை எழுதுகிறேன்.

15-06-2024, இரவு 1.40

நாளை என்று சொல்லி ஒரு நாள் தள்ளிவிட்டேன். எழுதப் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம்.

கேன்சர் வார்டில் சேர்ந்து ஆறாவது வாரம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள், மார்பகப் புற்றுநோய், மூன்றாவது கீமோ. புறங்கையில் நான்தான் கேனுலா போட்டேன், ஒரே குத்தில். அதில் எனக்குப் பெருமை வேறு. டாக்ஸோரூபிசின் ஏற்றிக்கொண்டிருந்தேன், சிவப்பு மருந்து. "எரிகிறது அம்மா" என்றார். "இந்த மருந்து அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். பக்கத்துக் கட்டிலில் டிரிப் தீர்ந்து மணி அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது முறை அவர் சொல்லவில்லை. பொறுத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா, பொறுத்துக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தபோது புறங்கை வீங்கியிருந்தது. மருந்து குழாயை விட்டுத் தோலுக்கடியில் இறங்கியிருந்தது. டாக்ஸோரூபிசின் சதையில் இறங்கினால் சதை செத்துப்போகும். அதே நாளில் தெரியாது. சில நாள் கழித்துத் தோல் கறுக்கும், பிறகு உடையும். அவருக்கு உடைந்தது. புண் ஆற வாரக்கணக்கில் ஆனது, அதுவரை அடுத்த கீமோவும் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறை கட்டு மாற்ற வரும்போதும் என்னைத்தான் தேடினார். "அந்தப் பெண் நிதானமாகச் செய்வாள்" என்று இன்சார்ஜிடம் (வார்டின் பொறுப்புச் செவிலியர்) சொல்லியிருக்கிறார். அதைவிட என்னை அறைந்திருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தவறு அனுபவம் இல்லாததால் வந்ததில்லை, இருந்ததால் வந்தது. முப்பது பேருக்கு ஒரு மூச்சில் ஊசி போட்டு முடிக்கும் வேகத்தை ஜெனரல் வார்டு எனக்குக் கொடுத்திருந்தது. அங்கே "எரிகிறது" என்றால் எரிச்சல் மட்டும்தான். பத்தில் ஒன்பது முறை ஒன்றுமில்லை. அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் அந்த அம்மாளைக் கேட்டேன். கல்லூரியிலிருந்து நேராக வந்த என் சக செவிலி ஒருத்தி அன்று அங்கே இருந்திருந்தால் பயந்துபோய் டிரிப்பை மூடியிருப்பாள். அவள் எதற்கெடுத்தாலும் மூடுவாள், நாங்கள் சிரிப்போம்.

ஆகவே 9-ஆம் தேதி நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கை பழக வேண்டும் என்பது நிற்கட்டும். இரண்டு வருடம் ஜெனரல் வார்டு என்பது நான் பட்டுத் தெரிந்து சொன்னதில்லை. என்னிடம் என் மேடம் சொன்னது, அதைத் தம்பியிடம் தள்ளிவிட்டேன்.

15-06-2024, காலை 7.00

தூக்கக் கலக்கத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். இப்படி நடந்தால் மருந்தை உடனே நிறுத்துங்கள், ஆனால் கேனுலாவைப் பிடுங்காதீர்கள். அதன் வழியாகவே சிரிஞ்சால் முடிந்த மட்டும் உறிஞ்சி எடுங்கள். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வையுங்கள். கையை உயர்த்தி வைத்து, மருத்துவரைக் கூப்பிட்டு, ஐஸ் ஒத்தடம் கொடுங்கள்.

16-06-2024, மாலை 5.45

மருந்தாளுநர் ஒருவர் பிடித்துவிட்டார். ஐஸ் எல்லா மருந்துக்கும் இல்லை. டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம் சரி. வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் வகைக் கீமோ மருந்துக்குச் சூடான ஒத்தடம், அங்கே ஐஸ் வைத்தால் கெடுதல். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து வாங்குகிறவருக்குக் குளிர்ந்த தண்ணீர் குடித்தாலே தொண்டை இறுகும், அங்கேயும் ஐஸ் ஆகாது. டாக்ஸோரூபிசின் நினைவிலேயே எழுதியதால் வந்த பிழை. அவர் சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள்.

17-06-2024, இரவு 10.10

அப்படியானால் எதைப் பார்த்துத்தான் சேர்வது என்று தம்பி கேட்கிறார், கொஞ்சம் கோபமாகவே. நியாயம்தான். ஒரு வாரமாக அவரைச் சுற்ற விட்டிருக்கிறோம்.

நேர்காணலில் அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே வின்கிறிஸ்டினை எப்படிக் கொடுக்கிறீர்கள், சிரிஞ்சிலா, சிறிய பையிலா?"

காரணம் இதுதான். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்கு ஒரே நாளில் முதுகுத் தண்டில் ஒரு மருந்தும், ரத்தக்குழாயில் வின்கிறிஸ்டினும் போக வேண்டி வரலாம். இரண்டும் சிரிஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கை மாறும். வின்கிறிஸ்டின் முதுகுத் தண்டுக்குள் போனால் பிழைப்பது அரிதிலும் அரிது. உலகின் பல நாடுகளில் இது நடந்திருக்கிறது, நன்றாகப் படித்த மருத்துவர்களின் கையாலேயே. வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் எடுக்காமல் சிறிய சலைன் பையில் கலந்து தொங்கவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரிக்கை விட்டது. பையை யாரும் முதுகில் குத்த முடியாது. அவ்வளவு எளிய ஏற்பாடு. அதைச் செய்கிற இடத்தில், மனிதக் கை தவறும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். புதியவருக்கு அப்படிப்பட்ட இடம் வேண்டும்.

பதில் சொல்லத் தெரியாதவர்கள் அலுவலகக்காரர்களாக இருந்தால் தவறில்லை. வார்டு இன்சார்ஜைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, கீமோ மருந்தை எங்கே கலக்கிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளா, ஊசி தயாரிக்கும் மேசை மேலா? மேசை மேல் என்றால் சம்பளம் எவ்வளவு என்று கேட்காமலே பஸ் ஏறிவிடுங்கள். உங்கள் அம்மாவின் பயத்தில் பாதிக்கு இதுதான் பதில். நோய் ஒட்டாது. மருந்து ஒட்டும், கையுறையும் கவுனும் இல்லாவிட்டால். மருந்து ஏறி இரண்டு நாள் வரை நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து இருக்கும் என்பதை வார்டு உதவியாளருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லிக் கொடுத்திருந்தால் நல்ல இடம்.

முதல் மூன்று மாதம் நைட் டியூட்டியில் உங்களுடன் யார் நிற்பார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். 12-ஆம் தேதி வார்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாக்களித்தபோது இதை மறந்துவிட்டேன். டே கேரில் எப்போதும் பகல், எப்போதும் நான்கு சீனியர் பக்கத்தில். வார்டில் இரவு இரண்டு மணிக்கு முப்பது நோயாளிக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் நீங்கள். மற்றவர் நேற்றுச் சேர்ந்தவராக இருந்தால் அந்த வார்டு வேண்டாம்.

20-06-2024, இரவு 12.30

மனம் விட்டுப்போகும் என்று மேடம் சொன்னாரே, அது சாவைப் பற்றி என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டீர்கள். சாவு கஷ்டம்தான். ஆனால் எனக்கு முதல் வருடம் தூக்கத்தைக் கெடுத்தது பொய்.

நம் ஊரில் நோயாளிக்குத் தவிர மற்ற எல்லாருக்கும் நோயின் பெயர் தெரியும். மகன் நம்மைக் கதவுக்கு வெளியே அழைத்துப் போய், "அப்பாவிடம் கட்டி என்று மட்டும் சொல்லுங்கள் சிஸ்டர்" என்பார். கேஸ் ஷீட்டைக் கவிழ்த்து வைப்பார். நோயாளியின் கட்டிலுக்கு மேலே மருத்துவமனையின் பெயர்ப்பலகை "புற்றுநோய்" என்று முழ நீள எழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு பள்ளி ஆசிரியர் என்னிடம் சொன்னார்: "எனக்குத் தெரியும் என்று பையனுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டான்."

மகன் வீட்டுக்குப் போன பிறகு, இரவு இரண்டு மணிக்குத்தான் கேட்பார்கள். "சிஸ்டர், எனக்கு என்ன நோய்?" கல்லூரியில் இதற்குப் பாடம் கிடையாது. நான் முதலில் "காலையில் டாக்டரிடம் கேளுங்கள்" என்று தப்பித்துக்கொண்டிருந்தேன். என் இன்சார்ஜ் ஒரு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னவென்று தோன்றுகிறது ஐயா?" என்று திருப்பிக் கேட்டார். நோயாளி எல்லாவற்றையும் தானே சொன்னார், இருபது நிமிடம். கடைசியில் அவர் கேட்க விரும்பியது நோயின் பெயரைக்கூட இல்லை. பேத்தி காதுகுத்துக்கு இருப்பேனா என்பதுதான். காலையில் டாக்டரிடம் அதைச் சொல்லி, மகனை உட்கார வைத்துப் பேசினார்கள்.

இது ஜெனரல் வார்டில் இரண்டு வருடம் இருந்தால் வராது. பத்து வருடம் இருந்தாலும் வராது. அந்த இன்சார்ஜ் மாதிரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும்.

21-06-2024, மாலை 4.00

ரொம்ப இறுக்கமாகிவிட்டது. சிவப்பு மருந்தை எங்கள் வார்டில் குழந்தைகள் ரோஸ்மில்க் என்பார்கள். ஏற்றிய பிறகு சிறுநீரும் அதே நிறத்தில் போகும். அதை முன்கூட்டிச் சொல்ல மறந்த செவிலியருக்கு அன்று இரவு நிச்சயம் ஒரு தொலைபேசி அழைப்பு உண்டு.

24-06-2024, இரவு 9.00

ஆண் என்பதைப் பற்றி. உங்களை அவசரப் பிரிவு, டயாலிசிஸ், அறுவை அரங்கு என்று தள்ளப் பார்ப்பார்கள். மார்பகப் புற்றுநோய் நோயாளிகளுக்குக் கட்டு மாற்றப் பெண் செவிலியர் வருவார், அது முறைதான். மற்றபடி நான் பார்த்ததில் சிறந்த கேனுலாக் கை ரத்தப் புற்றுநோய் வார்டில் இருந்த ஒரு பிரதருடையது (ஆண் செவிலியரை அப்படித்தான் கூப்பிடுவோம்). குழந்தைகள் அவர் வந்தால்தான் கையை நீட்டுவார்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோதும் ஊர் இப்படித்தான் காதைப் பொத்திக்கொண்டது. மறு வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் இறக்கும்வரை அந்த மருத்துவமனையை விட்டுப் போகவில்லை. அம்மா சமாதானமாவார் என்று சொல்ல வரவில்லை. என் அம்மாவிடம் சொன்னபோது, "அவர் டாக்டர், நீ நர்ஸ்" என்றார்.

28-06-2024, காலை 6.30

மார்ஃபின் (ஓபியம் வகை வலி மருந்து) என்றால் கடைசிக் கட்டம் என்று தம்பிக்குக் கல்லூரியில் சொன்னார்களாம். இல்லை. கடும் வலி இருந்தால் மார்ஃபின், அவ்வளவுதான். மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரத்தைப் பார்த்து. வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து முதல் நாளிலிருந்தே. இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் வயிறு கல்லாகி, மார்ஃபினே வேண்டாம் என்பார். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே இதற்காகத் திருத்தி இலகுவாக்கினார்கள். சட்டம் மாறிவிட்டது, பாடம் எடுக்கிறவர்கள் மாறவில்லை.

07-07-2024, இரவு 8.20

தம்பி இரண்டு நேர்காணலுக்கும் போய் வந்துவிட்டார். எனக்குத் தனியே எழுதியதை அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். முதல் இடத்தில் வின்கிறிஸ்டின் கேள்விக்கு, "அதெல்லாம் சேர்ந்த பிறகு பயிற்சியில் சொல்வோம்" என்றார்களாம். வார்டைப் பார்க்க அனுமதி இல்லை. இரண்டாவது இடத்தில் இன்சார்ஜ் சிரித்துவிட்டு, உள்ளே அழைத்துப் போய்ப் பையையே எடுத்துக் காட்டியிருக்கிறார். அதன்மேல் "ரத்தக்குழாயில் மட்டும்" என்று சிவப்பு ஒட்டுத்தாள். "இதைக் கேட்கச் சொல்லி யார் அனுப்பியது?" என்று வேறு விசாரித்தாராம். முதல் மூன்று மாதம் தனியாக நைட் டியூட்டி கிடையாது, கீமோவைத் தொடவும் விடமாட்டோம், பார்க்க மட்டும்தான் என்றாராம். தம்பிக்கு அது கொஞ்சம் வருத்தம். எனக்கு அதுதான் பிடித்தது.

16,000. சேர்கிறார்.

09-07-2024

பாண்டு அங்கேயும் ஒரு வருடம் உண்டாம். நான் அதைக் கேட்கச் சொல்லவே மறந்தேன். சான்றிதழ் கேட்கவில்லை, நகல் போதும் என்றார்களாம். பரவாயில்லை.

11-11-2024, இரவு 11.00

நான்கு மாதம் கழித்து இந்த இழையைத் தூசி தட்டுகிறேன். தம்பியிடமிருந்து கடிதம்.

போன வாரம்தான் முதல் முறையாகச் சீனியர் பக்கத்தில் நிற்க, தம்பியே டாக்ஸோரூபிசின் ஏற்றியிருக்கிறார். வயதான பெரியவர் ஒருவர் "எரிகிறது தம்பி" என்றாராம். உடனே நிறுத்திவிட்டு, ரத்தம் திரும்ப வருகிறதா என்று பார்த்து, வீக்கத்தைத் தடவிப் பார்த்து, சீனியரையும் மருத்துவரையும் கூப்பிட்டு, ஐஸ் எடுத்து வரச் சொல்லி, பேனாவையும் கையில் எடுத்துவிட்டாராம். பார்த்தால் கேனுலாவில் ஒரு குறையும் இல்லை. ஒட்டியிருந்த பிளாஸ்டர் பெரியவரின் கை ரோமத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பிளாஸ்டரை மாற்றி மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். நாற்பது நிமிடம் தாமதம், சீனியர் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். வார்டில் யாரும் அவரைப் பிரதர் என்று கூப்பிடுவதில்லை, "சிஸ்டர் தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார்கள், இதை மாற்ற ஏதாவது வழி இருக்கிறதா?

இல்லை தம்பி.